மழையில் நனைந்த பந்தயத் தடம்: எந்த டயர், எந்த லைன், எப்போது இறங்குவது?

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் பணம் கட்டிக் காத்திருப்பவர், விடியற்காலையில் மழைச் சத்தம் கேட்டுக் கண் விழித்தால், தடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பல முடிவுகளை எடுத்தாக வேண்டியிருக்கும். இருக்கிற டயரோடு இறங்குவதா, வேறு டயரை மாட்டுவதா, காற்றை ஏற்றுவதா இறக்குவதா, பழகிய லைனில் (தடத்தின் அகலத்துக்குள் கார் போகும் வழியில்) ஓட்டுவதா, முதல் சுற்றிலேயே இறங்குவதா அல்லது மழை விடும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருப்பதா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் எழும். 1990 இல் திறக்கப்பட்ட, 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தைக் காய்ந்த நிலையில் எப்படி ஓட்டுவது என்பதில் அனுபவசாலிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மழையில் எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்களை அருகருகே வைத்துப் பார்த்து, பந்தய ஓட்டுநர் அல்லாத, அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் அதே காரைத் தடத்துக்கும் கொண்டுவருகிற ஒருவருக்கு எது பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தேர்வையும் ஆராய்வதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "ஈரமான தடம்" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று வேறு நிலைகள். தூறல் விழுந்து தாரின் நிறம் மட்டும் கறுத்திருப்பது ஒன்று. தடம் முழுவதும் மெல்லிய நீர்ப்படலம் பரவி, முன்னால் போகும் காரின் சக்கரங்கள் நீரை வாரி இறைப்பது இரண்டாவது. பள்ளமான இடங்களில் நீர் தேங்கியோ தடத்தின் குறுக்கே ஓடியோ நிற்பது மூன்றாவது. முதல் இரண்டு நிலைகளில் பிடிமானம் குறைகிறது. மூன்றாவதில் அது இல்லாமலே போகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் டயரைப் பற்றியும் லைனைப் பற்றியும் நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் ஒருவர் பேசும் நிலையை இன்னொருவர் புரிந்துகொள்ளாத வாதங்களே.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நல்ல சாலை டயருக்குக் காய்ந்த தாரில் கிடைக்கும் பிடிமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நனைந்த தாரிலும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் எடுக்கக்கூடிய வேகம் பிடிமானத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், காய்ந்த தடத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த வளைவை ஈரத்தில் 80 அல்லது 82 இல் எடுக்கலாம், இழப்பு அவ்வளவுதான். ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகிவிடும். மழையில் முதல்முறை ஓட்டுபவர்கள் வளைவுக்குள் தேவைக்கு அதிகமாகப் பயந்து மெதுவாகப் போவதும், அதே ஆட்கள் நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிகத் தாமதமாக மிதித்துத் தடத்தை விட்டு வெளியேறுவதும் இந்தக் கணக்கு உடலுக்குப் பழகாததால்தான்.

டயர்

ஒருவர் முன் மூன்று வாய்ப்புகள் உள்ளன: காரோடு வந்த சாதாரண சாலை டயர், டிராக் ஓட்டத்துக்கென்றே வாங்கிய, பள்ளங்கள் குறைவான செமி ஸ்லிக் டயர், பந்தயங்களுக்கான மழை டயர்.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். மழை டயர் நனைந்த தடத்தில் அற்புதமாக வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஃபார்முலா ஒன்னில் பிரெல்லி தரும் மிதமான ஈரத்துக்கான, பச்சைக் கோடிட்ட இன்டர்மீடியட் டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 30 லிட்டர் நீரையும், நீலக் கோடிட்ட முழு மழை டயர் நொடிக்கு 85 லிட்டர் நீரையும் வெளியேற்றும் என்று அந்த நிறுவனம் கூறுகிறது. ஆனால் தடம் காயத் தொடங்கியதும் மழை டயரின் மென்மையான ரப்பர்க் கட்டிகள் சூடேறிப் பிய்ந்துபோகும். இரண்டாவது சக்கரத் தொகுதி, அதைக் கொண்டுவர ஒரு வண்டி, மாற்றுவதற்கு ஜாக்கியும் ஆளும் என்று வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். சென்னை மழை அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஒரு மணி நேரம் வெயிலடிக்கும் குணமுடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தனியாக வருபவருக்கு அது வீண் செலவு.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான், அங்கேதான் பலர் தவறான பக்கம் சாய்கிறார்கள். செமி ஸ்லிக் விலை அதிகம், காய்ந்த தடத்தில் அதன் பிடிமானம் மிக அதிகம், ஆகவே ஈரத்திலும் ஓரளவுக்கு அதுவே சிறந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. தாரின் நிறம் மட்டும் கறுத்திருக்கும் முதல் நிலையில் அந்த நினைப்பு ஓரளவு சரி. நம் ஊர் மழையில் காற்றும் தாரும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் அதன் ரப்பர் ஐரோப்பியக் குளிர் மழையில் விறைத்துப்போவதுபோல் இங்கே விறைத்துப்போவதில்லை. நீர்ப்படலம் உருவானதும் கதை மாறிவிடும். செமி ஸ்லிக்கில் நீரை வாங்கி வெளியேற்றும் பள்ளங்கள் புதிதாக இருக்கும்போதே குறைவு. இரண்டு மூன்று டிராக் டேக்களில் (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்களில்) பாதி தேய்ந்த பிறகு அது ஏறத்தாழ மொட்டை டயர். புதிய சாலை டயரில் 7, 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளங்கள் இருக்கும். டயரில் வார்க்கப்பட்டிருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் தெரியத் தொடங்கும், சட்டமும் அதுவரை அனுமதிக்கிறது; ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதுமே ஈரத்தில் பிரேக் தூரம் வேகமாக நீளத் தொடங்கிவிடும். எனவே என் தேர்வு இதுதான்: பட்டன் (பள்ளங்களுக்கு இடையே எழும்பி நிற்கும் ரப்பர்) நன்றாக உள்ள சாதாரணச் சாலை டயர், பாதி தேய்ந்த செமி ஸ்லிக்கைவிட, தடம் முழுவதும் நனைந்திருக்கும் எந்த நாளிலும் மேல்.

டயர் தேர்வில் பலரும் கவனிக்காத ஒரு கூறு, நான்கு டயர்களும் ஒரே வயதுடையனவா என்பது. நம் ஊரில் டிராக் டேக்கு வரும் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இயக்கமுள்ள ஹேட்ச்பேக்குகள். அவற்றில் முன் டயர்களே விரைவில் தேயும் என்பதால், இரண்டு புதிய டயர்கள் வாங்குபவர் அவற்றை முன்னால் மாட்டிவிட்டுப் பழையவற்றைப் பின்னால் விடுவார். நானும் ஒரு நவம்பரில் அப்படியே செய்திருந்தேன். நீர்ப்படலம் பரவிய தடத்தில், இடப்புற வளைவு ஒன்றின் நடுவில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்றி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். காரின் எடை முன்னால் சாய்ந்தது, புதிய முன் டயர்கள் தடத்தை இறுகப் பற்றின, பழைய பின் டயர்கள் விட்டுவிட்டன. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிப்பதற்குள் கார் முழுச் சுற்றுச் சுற்றிப் புல்வெளியில் நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, காருக்கும் சேதமில்லை. புதிய டயர்கள் இரண்டே இருந்தால் அவற்றைப் பின்னால் மாட்ட வேண்டும் என்று டயர் நிறுவனங்கள் முன்சக்கர இயக்கக் கார்களுக்கும் சேர்த்தே பரிந்துரைப்பதன் காரணம் எனக்கு அன்று முழுமையாக விளங்கியது. முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் மீண்டும் பிடிமானம் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநருக்கு அதைத் திருத்த நேரமே இருக்காது.

காற்றழுத்தத்திலும் இரண்டு கட்சிகள் உண்டு. காய்ந்த தடத்தில் டயர் சூடேறி அழுத்தம் தானாக உயரும் என்பதால், ஓட்டம் தொடங்குமுன் காற்றைக் குறைத்து 26, 28 பவுண்டு அளவில் வைப்பது வழக்கம். அதே பழக்கத்தில் மழையிலும் குறைக்கிறவர்கள், டயரின் அகலம் கூடுதலாகத் தடத்தில் படியும், அதனால் பிடிமானம் கூடும் என்கிறார்கள். நீர் தேங்கிய இடத்தில் இந்த வாதம் நிற்காது. நாசா ஆய்வாளர்கள் 1960களில் விமான டயர்களைக் கொண்டு வகுத்த ஒரு சூத்திரப்படி, டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு உயர்கிறது. அதன்படி 26 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டரிலும், 32 பவுண்டில் 94 இலும், 36 பவுண்டில் 100 இலும் மிதக்கும். பள்ளங்கள் தேய்ந்த டயருக்கும் ஆழமான நீருக்கும் பொருந்தும் கணக்கு இது. நல்ல பட்டன் உள்ள கார் டயர் இதைவிட மேலாகவே தாங்கும். எனினும் திசை மாறாது. மழையில் டயர் அவ்வளவு சூடேறுவதும் இல்லை. ஆகவே குறைத்து வைத்த காற்று, குறைந்தபடியே இருந்துவிடும். கார் நிறுவனம் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவிலோ அதற்கு ஒன்றிரண்டு பவுண்டு மேலேயோ வைப்பதே சரி.

லைன்

காய்ந்த தடத்தில் வேகமான வழி எது என்பது தாரிலேயே எழுதியிருக்கும். நூற்றுக்கணக்கான கார்களின் டயர்கள் விட்டுச்சென்ற ரப்பர் அங்கே கறுப்புப் பட்டையாகப் படிந்திருக்கும். வெயிலில் பிடிமானம் தரும் அந்த ரப்பரே நீர் பட்டதும் வழுக்கத் தொடங்குகிறது; அந்தப் பகுதியில் தாரின் கற்களும் தேய்ந்து மழமழப்பாகியிருக்கும். இதனால்தான் மழையில் பழகிய ரேசிங் லைனை விட்டுவிட்டு, வளைவின் வெளிப்புறமாக, ரப்பர் படியாத சொரசொரப்பான தாரில் ஓட்ட வேண்டும் என்ற கருத்து வந்தது. 2016 நவம்பரில் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில், கடைசிச் சுற்றுகளில் 16ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், மற்றவர்கள் எவரும் போகாத வெளிப்புற வழிகளில் பிடிமானத்தைக் கண்டுபிடித்து மூன்றாம் இடத்துக்கு வந்தது இந்தக் கருத்துக்கு மிகச் சிறந்த சான்று. 1993 ஏப்ரலில் டோனிங்டன் பார்க்கில் அயர்டன் சென்னா முதல் சுற்றிலேயே ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியதையும் பலர் இதே வரிசையில் சேர்ப்பார்கள்.

ஆனால் இந்தக் கருத்தை மந்திரம்போல் எல்லாத் தடங்களுக்கும் ஏற்றுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபார்முலா ஒன் வாரத்துக்கு முன்னால் தடம் முழுவதும் சுத்தம் செய்யப்படுகிறது. பல வகுப்புப் பந்தயங்கள் அங்கே தொடர்ந்து நடந்து ரப்பர் அடர்த்தியாகப் படிகிறது. நம் தடங்களில் லைனுக்கு வெளியே உள்ள தார் வாரக்கணக்கில் யாரும் மிதிக்காதது. காற்று கொண்டுவந்த மணலும் புழுதியும் அங்கே படிந்திருக்கும், மழையின் முதல் அரை மணி நேரத்தில் அது சேறாகிவிடும். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் நீளக் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சிறிய தடத்தில், வெளிப்புறத்துக்குப் போனால் புல் தொடங்கும் ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே பிழைக்கு இடமே மிச்சமிருக்காது. மேலும், தடம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நீர் தேங்கும் இடம் மாறும்: உட்புறமாகச் சரிந்த வளைவில் நீர் உள்முனையில் சேர்வதால் வெளிப்புறம் காய்ந்திருக்கும், வெளிப்புறமாகச் சரிந்த வளைவில் இதற்கு நேர்மாறு.

எனவே எந்த லைன் என்று கேட்பவருக்கு நான் சொல்வது, இரண்டில் ஒன்றை நம்பாமல் இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே. முதல் இரண்டு சுற்றுகளை மெதுவாக ஓட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நேர்பாதையில் ஒருமுறை ரப்பர்ப் பட்டையின் மேலும் ஒருமுறை அதற்கு ஒரு கார் அகலம் தள்ளியும் பிரேக்கை மெல்ல மிதித்துப் பார்த்தால், ஏபிஎஸ் எங்கே முதலில் துடிக்கிறது என்பது காலுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் விடை வேறாக இருக்கலாம். வெளிப்புற லைனை எடுப்பதாக இருந்தால், பிரேக் பிடிப்பதை ரப்பர்ப் பட்டைக்கு வெளியிலேயே நேர்கோட்டில் முடித்துவிட்டு, வளைவின் அகலத்தில் சுற்றிவந்து, ரப்பர்ப் பட்டையை ஒரே ஒருமுறை, ஸ்டீயரிங் ஏறத்தாழ நேராக இருக்கும் நிலையில் கடக்க வேண்டும். வளைவோரங்களில் வண்ணம் பூசிய கெர்ப் எனும் விளிம்புக் கற்களும் வெள்ளைக் கோடுகளும் எந்த லைனுக்கும் உரியவை அல்ல. காய்ந்த நாளில் சக்கரத்தை ஏற்றிக் கடக்கும் அந்தக் கெர்ப், மழையில் சோப்புக் கட்டியைப் போன்றது. தடம் காயத் தொடங்கும்போது முதலில் காய்வது கார்கள் ஓடிய வழியே என்பதால், வெளிப்புறத்தில் ஓட்டுபவர் எந்தச் சுற்றில் பழைய லைனுக்குத் திரும்புவது என்பதையும் இதே சோதனையால்தான் அறிய வேண்டும்.

மின்னணு உதவிகளும் இயக்கமும்

இதில் நீண்ட ஒப்பீடு தேவையில்லை. வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டினால் காரின் இயல்பு புரியும் என்பார்கள். அது உண்மை, அதற்குரிய இடம் நீர் தெளித்த திறந்த பயிற்சி மைதானம், சுவர்களும் மற்ற கார்களும் உள்ள தடம் அல்ல. கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டே ஓட்டி, அந்த மஞ்சள் விளக்கு எந்த வளைவில் எப்போது மினுக்குகிறது என்பதைக் கவனித்து, அடுத்த சுற்றில் அது மினுக்காதபடி காலையும் கையையும் மென்மைப்படுத்துவது எனக்குத் தெரிந்த சிறந்த பயிற்சி. நான்கு சக்கர இயக்கக் கார் வைத்திருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது, அது வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியேறத்தான் உதவும், பிரேக் பிடிப்பதில் மற்றக் கார்களைவிட எந்த மேன்மையும் தராது என்பதே. அதனால் அத்தகைய கார் நேர்பாதையின் முடிவை மற்றவற்றைவிட அதிக வேகத்தில் வந்தடைகிறது, நிற்பதற்கு அதே பிடிமானம்தான் கிடைக்கிறது.

இறங்குவதா, காத்திருப்பதா?

மழை தொடங்கியதும் இறங்குவது, மழை நன்றாகப் பெய்து தடத்தைக் கழுவிய பிறகு இறங்குவது, அன்றைக்கு ஓட்டாமலே விடுவது என மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழிதான் ஆபத்து மிகுந்தது. மாதக்கணக்கில் தடத்தில் சேர்ந்த எண்ணெய்த் துளிகளும் ரப்பர்த் தூளும் புழுதியும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தூறலில் கலந்து மேலெழுந்து நிற்கும். நீர் குறைவாகத் தெரிவதால் ஓட்டுநரின் எச்சரிக்கையும் குறைவாக இருக்கும். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின் அதே தார் வியக்கத்தக்க அளவுக்குப் பிடிமானம் தரும். பணம் கட்டிய நேரம் வீணாகிறதே என்ற பதைப்பு எனக்கும் உண்டு. இருந்தாலும் அந்த முதல் கால்மணி நேரத்தைக் கொட்டகையில் கழித்து, டயர்க் காற்றைச் சரிபார்த்து, முன் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவைப்பது நல்ல முதலீடு. மழையில் பலரைத் தடத்தை விட்டு வெளியேற்றுவது வழுக்கல் மட்டுமல்ல, ஆவி படிந்த கண்ணாடியும்தான்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே முடிவு செய்ய, தேங்கிய நீரைத்தான் பார்க்க வேண்டும். 2003 ஃபார்முலா ஒன் பந்தயத்தில், இன்டர்லாகோஸில் மூன்றாம் வளைவின் குறுக்கே நீர் ஆறாக ஓடியபோது, உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே இடத்தில் வெளியேறினார்கள், மிகயேல் ஷூமாக்கரும் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டின் விதிப்படி ஒரே வகை மழை டயரைத்தான் கொண்டுவர முடியும் என்பதால் அங்கே இருந்தவை இன்டர்மீடியட் டயர்கள் மட்டுமே. 2007 இல் நூர்பர்க்ரிங்கின் முதல் வளைவில் நீர் தேங்கியபோதும் அதுவே நிகழ்ந்தது. அரை டஜன் கார்கள் ஒரே ஜல்லிப் பரப்பில் போய் நின்றன, பந்தயம் நிறுத்தப்பட்டது. நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கிய பிறகு திறமைக்கு அங்கே வேலை இல்லை. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் தடத்தோடு தொடர்பற்ற பொருள்களாகிவிடுகின்றன. 2014 இல் சுசுகாவில் ஜூல்ஸ் பியான்கியின் கார் நனைந்த தடத்திலிருந்து வழுக்கிச் சென்று, மற்றொரு காரை அகற்றிக்கொண்டிருந்த மீட்பு வண்டியில் மோதியது. மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். தடத்துக்கு வெளியே வேறொரு வண்டியோ ஆட்களோ நிற்கும்போது மழையில் ஓட்டுவது எத்தகையது என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. ஆகவே டிராக் டேயில் மஞ்சள் கொடி தெரிந்தால் வேகத்தைக் குறைப்பது போதாது, நிற்கும் அளவுக்குத் தயாராக வேண்டும். மஞ்சளும் சிவப்பும் செங்குத்துப் பட்டைகளாக உள்ள கொடி, அந்த இடத்தில் தடம் வழுக்குகிறது என்று சொல்வதற்கே உரியது.

நம் நாட்டுக் கார் காப்பீட்டு ஆவணங்களில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காரைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்ற வரி வழக்கமாக இருக்கும். வீட்டில் ஒரே கார் உள்ளவர், ஓட்டாமலே விடும் மூன்றாவது வழியைக் கோழைத்தனமாக எண்ண வேண்டியதில்லை.

நீர்ப்படலம் மட்டுமே உள்ள, தேங்கல் இல்லாத தடம் என்றால் நான் இறங்குவேன், இறங்கும்படி மற்றவர்களையும் வற்புறுத்துவேன். காய்ந்த தடத்தில் 120 கிலோமீட்டரில் தெரியவரும் காரின் எடைமாற்றம் ஈரத்தில் 80 இலேயே தெரியும். பிழையின் விலையும் அந்த அளவுக்குக் குறையும். வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து, பிரேக்கை வழக்கமான இடத்துக்கு வெகு முன்பே மிதித்து, அரை மணி நேரம் ஓட்டினாலே கையும் காலும் எவ்வளவு முரட்டுத்தனமாகப் பழகியிருந்தன என்பது புரிந்துவிடும். ஆனால் மழை மீண்டும் வலுக்கலாம். முன்னால் போகும் காரின் பின்விளக்கு நீர்ப்புகையில் மறைந்துபோன சுற்றையோ, நேர்பாதையில் ஸ்டீயரிங் ஒரு கணம் எடையற்று லேசாகிப்போன சுற்றையோ கடைசிச் சுற்றாக வைத்துக்கொண்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, கையை உயர்த்திக் காட்டி, தடத்தோரம் கார்கள் நிறுத்தப்படும் பிட்டுக்குள் வந்துவிட வேண்டும்.